சொன்னவர் யார்

திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் போகிற வழிகள் கூடிப் பிரிகிற பொன்னமராவதியில், விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்கிற ஆண்களையும் பெண்களையும் சற்று நேரம் கவனித்தால், அவர்களுள் பெரும்பாலோர் பக்கத்தில் நிற்பவரைக் கேளாமல், கையில் இருக்கிற கைப்பேசியைக் கேட்டே அன்றைய வியவகாரங்களைத் தொடங்குகிறார்கள் என்பது விளங்கும். நூறு நாள் வேலைக்கான கூலி வங்கிக் கணக்கில் ஏறியதா, பவுன் என்ன விலைக்கு நிற்கிறது, கடலை போட்ட காட்டுக்கு இந்த வாரம் மழை உண்டா, மகன் இருக்கிற சிங்கப்பூரில் இப்போது மணி என்ன, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை எந்த நோய்க்கு உரியது, கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் என்றைக்கு என்ற கேள்விகளெல்லாம் அந்தச் சிறு கண்ணாடிப் பலகையின்முன் வைக்கப்படுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகிற மூதாட்டியும் வாயால் கேட்டுக் காதால் விடை பெறுகிறாள்.

இதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஓர் ஏழைக் குடியானவன் முன்னாளில் எத்தனை படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள், இன்று அவன் பேத்தி திண்ணையில் உட்கார்ந்தபடியே புல எண்ணைக் குறித்து அந்த விவரத்தை எடுத்துக் காட்டுவதைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. ஆயினும், மனிதனுக்கு அறிவு எவ்வழியாக வருகிறது, வந்த அறிவை எதைக் கொண்டு மெய்யென்று துணிவது, பிறர் வாய்ச்சொல்லை நம்புகிறவனுக்கும் அச்சொல்லை மேலும் ஒருவனுக்குச் சொல்லுகிறவனுக்கும் உரிய தர்மம் யாது என்ற வினாக்கள், முன்பு பண்டிதர்களின் வாதசபையோடு நின்றிருந்தவை, இன்று அடுப்படிக்கும் வயல் வரப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டன. தத்துவ சாஸ்திரத்தில் பயிற்சியில்லாத ஒருவனும் நாள்தோறும் பலமுறை இவ்வினாக்களுக்கு, தான் அறியாமலே, ஏதோ ஒரு விடை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நம் சமய நூல்கள் இந்த விசாரணையை அற்பமாக எண்ணியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியர், அந்நூலின் சுபக்கம் என்ற பகுதியில் இறைவனுடைய உண்மையைப் பேசப் புகுமுன், மெய்யறிவைத் தரும் பிரமாணங்களாகிய அளவைகளின் இலக்கணத்தை வரையறுத்துக்கொண்டே மேலே செல்கிறார். காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் ஏனைய அளவைகளை அடக்குவது சைவ சித்தாந்திகளின் துணிபு. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிற இடத்தில், முதலில் அவள் கேட்பது அளவைவாதியின் வார்த்தையையே. கண்ணாற் கண்டதே பிரமாணம் என்பான் உலகாயதன்; காட்சியும் அனுமானமும் போதும் என்பர் பௌத்த தார்க்கிகர். ஆனால் நித்திய வாழ்க்கையை உற்று நோக்கினால், நம்மைப் பெற்றவர் இன்னார் என்பதும் நாம் பிறந்த நாள் இன்னது என்பதும் உட்பட, நாம் சிறிதும் ஐயுறாத செய்திகளுட் பல, பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொண்டவை என்பது புலப்படும். கைப்பேசி தருவனவும் ஏறத்தாழ முழுவதும் உரையளவையைச் சேர்ந்தவையே. ஒரு படத்தைக் கண்ணாலேயே கண்டேன் என்று சாதிக்கிறவனும், அது இன்ன ஊரில் இன்ன நாளில் எடுக்கப்பட்டது என்பதைக் காணவில்லை; யாரோ சொல்லக் கேட்டே கொண்டான்.

உரை பிரமாணமாவது எப்போது? நியாய சூத்திரத்துக்குப் பாஷியம் செய்த வாத்ஸ்யாயனர் கூறுகிற விடையினும் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை. ஆப்தன் என்று கொள்ளத்தக்கவனுடைய உபதேசமே பிரமாணம். ஆப்தனாவான், சொல்லுகிற விஷயத்தைத் தானே நேராக அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே உரைக்கும் விருப்பமுடையவன். இந்த இலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொல்லுகிறபோது, குலத்தாலும் பதவியாலும் ஒருவன் சொல் நம்பத்தக்கதாகிவிடாது என்பதும் உடன்பெறப்படுகிறது. கண்மாயின் மடையைப் பல ஆண்டுகள் திறந்து அடைத்த மடைக்காரன், நீரின் அளவைக் குறித்து ரிஷியினும் குறையாத ஆப்தன். அப்பாஷியத்தில் வேறோரிடத்தில் ஆப்தனுக்கு மூன்றாவதாக ஓர் அடையாளமும் வைக்கப்பட்டிருக்கிறது. அது பூததயை, உயிர்களிடத்தில் இரக்கம். தர்க்க நூல் ஒன்று, மெய்யறிவின் தோற்றுவாயைப் பேசுகிறபோது, இரக்கத்தைக் கொண்டுவந்து அதன் நடுவில் வைத்தது என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை என்று தோன்றுகிறது. ஒருவன் அறிந்திருக்கலாம், பொய் சொல்லாதவனாகவும் இருக்கலாம், கேட்கிறவனுக்கு என்ன நேரும் என்ற கவலை அவனுக்கு இல்லையாயின், அவனுடைய சொல்லை முற்றும் நம்பி ஒழுக முடியாது.

பழைய காலத்துச் செய்தி வழிகளை இந்த மூன்று அடையாளங்களைக் கொண்டு அளந்து பார்த்தால், அவற்றைக் குறித்து வீணாக ஏங்குவதற்கு இடமில்லை. மணியக்காரரும் கர்ணமும் கிராமத்து விவரங்களையெல்லாம் நேரே அறிந்தவர்கள்தாம். ஆனால் அறிந்ததை அறிந்தபடி எல்லாரிடமும் சொல்லும் விருப்பம் அவர்களுள் எல்லார்க்கும் இருந்ததில்லை. அந்தப் பரம்பரைப் பதவிகளை 1980-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒழித்தபோது, கணக்கு ஏடுகள் ஒரு குடும்பத்தின் பெட்டியினின்று வெளியே வந்தன. தண்டோராவும் அப்படியே. கண்மாயில் மீன் பிடிக்கிற நாளையும் வரி கட்டும் கெடுவையும் தெருத்தெருவாகப் பறை முழக்கி அறிவித்தவர், யாருடைய உத்தரவை எடுத்துச் சொல்லுகிறார் என்பது கேட்டவர்க்கெல்லாம் தெரிந்திருந்தது. அந்த ஒரு சிறப்பு அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சேவையை ஒரு சமூகத்தின் தோளிலேயே ஏற்றி, அதனோடு இழிவையும் ஏற்றிவைத்தது நம் ஊர்களின் பாவம். 2022-ஆம் ஆண்டில் அரசு அம்முறையைக் கைவிடுமாறு பணித்தது நியாயமே. ஆகவே பழைய வழிக்குத் திரும்புவது பற்றி இங்கே பேச்சில்லை. அறிவிப்பவர் இன்னார், உத்தரவு இன்னாருடையது என்ற தெளிவை மட்டும், அதைச் சூழ்ந்திருந்த அநீதியினின்று பிரித்தெடுத்து, புதிய சாதனத்திலும் எப்படிக் காப்பது என்பதே வினா.

இன்று ஒரு செய்தியைக் கேட்டு வியந்து, இது யார் சொன்னது என்று வினவினால், போனில் வந்தது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அதற்குமேல் கேட்டால் ஒரு குழுவின் பெயரைச் சொல்லுவார்கள். அந்தக் குழுவில் இட்டவரைக் கேட்டால், அவர் வேறொரு குழுவைக் காட்டுவார். முதலில் சொன்னவன் யார் என்பது குறிக்கப்படாமல், பேச்சு மட்டும் கைமாறி வருகிற இந்த நிலையை நம் தார்க்கிகர்கள் அறியாதவர்கள் அல்லர். ஐதிகம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மணிமேகலையில் வருகிற பத்து அளவைகளுள் இதுவும் ஒன்று. அங்கே காட்டப்படுகிற உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று உலகத்தார் சொல்லுவதைக் கொண்டு துணிவது. சாங்கிய காரிகைக்கு உரை கண்ட வாசஸ்பதி மிச்ரரும் ஆலமரத்து யக்ஷனையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, சொன்னவன் குறிக்கப்படாமையால் ஐதிகம் சந்தேகத்துக்கு இடமானது, ஆதலின் அது தனிப் பிரமாணம் அன்று, அதை முதலில் சொன்னவன் ஆப்தன் என்று நிச்சயமானால் அப்போது அது உரையளவையுள் அடங்கும் என்று முடிவு செய்தார். முற்றப் பொய் என்று தள்ளவும் இல்லை, மெய்யென்று கொள்ளவும் இல்லை. சொன்னவனைத் தேடு என்று நம்மைத் திருப்பி அனுப்பினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆலமரத்தடியில் இருந்த யக்ஷனுக்காகச் செய்த இந்த நிர்ணயம், இன்று ஒரு நாளில் நம் கைக்கு வந்து சேரும் செய்திகளுட் பலவற்றுக்கு ஓர் எழுத்தும் மாற்றாமல் பொருந்துகிறது.

சொன்னவனைக் குறித்துவைக்கும் வழக்கம் இந்தப் பிரதேசத்துக்கு அந்நியமானது அன்று. பொன்னமராவதிக்கு அருகில், இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற பூலாங்குறிச்சியின் பாறையில், சேந்தன் கூற்றன் என்ற அரசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினதாக அறிஞர்கள் மதிப்பிடுகிற அதில், ஆணையோடு, அந்த ஆணையைக் கேட்டு வந்து கூறினவரும் ஓலை எழுதினவரும் குறிக்கப்படுகிறார்கள். அரசன் வாய்ச்சொல் பாறையை அடையும்வரையில் யார் யார் வழியாக வந்தது என்பதை மறைக்கலாகாது என்ற எண்ணம் அன்றே இருந்தது. பின்னாளில் சோழர் ஆட்சியில் இது பெரியதோர் ஒழுங்காகவே வளர்ந்தது: அரசன் சொல்லக் கேட்டு எழுதுகிற திருமந்திர ஓலை, அதனைச் சரிபார்க்கிற திருமந்திர ஓலைநாயகம், வரியைக் கணக்கில் ஏற்றுகிறவர் என்று வரிசையாக அதிகாரிகள் நின்றார்கள், சாசனத்தின் முடிவில் ஒவ்வொருவரும் இது தம்முடைய எழுத்து என்று பொறுப்பேற்றார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளைத் திரட்டி 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருந்தொகுதியைப் புரட்டுகிறவர்கள், ஊர்ச் சபையார் நிலம் விற்ற சிறு செய்தியின் கீழும் இப்படிக் கையெழுத்துகள் நிற்பதைக் காண்பார்கள்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது குடுமியான்மலையில் இருக்கிற சங்கீதக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிற அதில், ஏழு கிராம ராகங்களுக்குரிய ஸ்வரங்கள் பல்லவ கிரந்த லிபியில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதைச் செய்வித்த அரசன், பரம மாகேசுவரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டானே அன்றித் தன் இயற்பெயரைச் சொல்லவில்லை. இவன் பல்லவ அரசன் மகேந்திரவர்மனே என்றும் அல்லன் என்றும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். ஆனால் தனக்குக் கற்பித்தவர் உருத்திராசாரியர் என்பதை அவன் மறவாமல் குறித்தான். தன் கீர்த்தியைக் கருதாத ஒருவன், இந்த வித்தை எங்கிருந்து தன்னிடம் வந்தது என்பதைக் கல்லில் பொறித்த காரணம், அதைக் கற்கப்போகிறவனுக்கு அது வேண்டும் என்று அவன் அறிந்திருந்தமையே என்று கொள்ளலாம்.

இத்தகைய நாட்டில், 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்ததை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த 18-ஆம் தேதியையும் அதற்கு மறுநாளையும் ஒட்டி, ஒரு சமூகத்தாரை, குறிப்பாக அச்சமூகத்துப் பெண்களை, இழிவாகப் பேசுகிற ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப் வழியாகப் பொன்னமராவதி வட்டாரமெங்கும் பரவியது. அதைக் கேட்டுக் கொதித்த மக்கள் பொன்னமராவதிக் காவல் நிலையத்தின்முன் திரண்டார்கள், கல் வீசப்பட்டது, காவல்துறை வாகனங்கள் சேதமடைந்தன, பலர் காயமுற்றார்கள், கடைகள் அடைக்கப்பட்டன, 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டு, சுற்றுவட்டாரக் கிராமங்கள் அச்சத்தில் ஆழ்ந்தன. பலர்மீது வழக்குகள் வந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே கண்மாய் நீரைப் பாய்ச்சி, ஒரே அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வாழ்ந்தவர்கள் சில நாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பொய்ச்செய்தியால் வந்த கேடு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. ஓரிருவர் பேசிய குரல் அது. குரல் இருந்தது, வசை இருந்தது, காது கேட்டது. காதால் கேட்ட அளவில் அது பிரத்தியக்ஷம், அதில் தவறில்லை. தவறு அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது. ஓரிருவர் வாயினின்று வந்ததைக் கொண்டு, அவர்கள் சேர்ந்தவர்களென்று கருதப்பட்ட கூட்டத்தார் அனைவருடைய எண்ணமும் இதுவே என்று அனுமானம் செய்தது மனம். ஏதுவுக்கும் அதனால் நிறுவப்படுகிற சாத்தியத்துக்கும் வியாப்தி என்ற நியதமான தொடர்பு இல்லாதபோது அந்த ஏது ஏதுவே அன்று, ஏதுப்போலி என்று தர்க்கத்தின் முதற்பாடம் கூறும். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். ஒருவனுடைய வசையைக் கொண்டு அவன் அண்டைவீட்டாரின் உள்ளத்தை அனுமானிக்க எந்த வியாப்தியும் இல்லை. மெய்யான கேள்வியறிவின்மேல் எழுந்த பொய்யான அனுமானம், முழுப் பொய்யினும் வலியது. ஏனென்றால் அதை மறுப்பவனிடம், என் காதாலேயே கேட்டேனே என்று சொல்ல இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே நின்று எண்ண வேண்டும். அந்தப் பதிவைப் பரப்பியவர்களுட் பலர் அதை ரசித்துப் பரப்பியவர்கள் அல்லர். கண்டித்து, கோபங்கொண்டு, தம் உறவினர்க்கும் நண்பர்க்கும் பார்த்தீர்களா என்று அனுப்பியவர்கள். ஆனால் அனுப்பிய ஒவ்வொரு முறையும் அந்த வசை, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டதோ அந்தப் பெண்களுள் மேலும் ஒருத்தியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் பேசியவன் ஒருமுறை சொன்னான். நியாயமான சினமுடையவர்கள் அதைப் பல்லாயிரம் முறை சொல்லிவிட்டார்கள். வாத்ஸ்யாயனர் வைத்த மூன்று அடையாளங்களுள் பூததயை ஏன் வேண்டும் என்பது இவ்விடத்தில் தெளிவாகிறது. மெய்யை உள்ளபடி சொன்னேன் என்பது மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது. திருவள்ளுவர் வாய்மையை வரையறுக்கப் புகுந்தபோது, நடந்ததை நடந்தபடி சொல்லுதல் என்று கூறாமல், பிறர்க்குத் தீமை பயவாமையையே அதன் இலக்கணமாக வைத்ததும் இந்தக் கருத்தோடு இயைகிறது.

பொன்னமராவதி நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்னர், 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் நடந்தது இதனினும் கொடியது. குழந்தைகளைக் கடத்துகிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த வேளையில், குலதெய்வத்தைக் கும்பிட உறவினரோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வதந்திக்குப் பலியானார். அடித்தவர்கள் தம் குழந்தைகளைக் காப்பதாகவே நம்பினார்கள். வழிப்போக்கனை உபசரிப்பதைத் தர்மமாகக் கொண்ட நாட்டில், வழிப்போக்கராக வந்தவர் காட்டிய அன்பே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

வருகிற ஒவ்வொரு சொல்லையும் சந்தேகித்துக்கொண்டே இருப்பது ஆகிற காரியமா என்று கேட்கலாம், கேட்பது நியாயம். வேத விசாரம் செய்த மீமாம்சகர்களும் நியாய நூலாரான நையாயிகர்களும் இதைக் குறித்து நெடுங்காலம் வாதிட்டார்கள். குமாரில பட்டர் வழிவந்தவர்கள், ஓர் அறிவு தோன்றும்போதே அதற்குப் பிரமாணத்துவம் இயல்பாக உண்டு, அதைக் கெடுக்கும் தோஷம் அறியப்படும்வரையில் அது மெய்யே என்றார்கள். நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. அறிவின் மெய்ம்மை வெளியினின்றே நிச்சயமாக வேண்டும், கானல் என்று ஐயுற்றவன் அருகில் சென்று நீரைக் குடித்துத் தாகம் தீர்ந்தபின்னரே அது நீர் என்று உறுதியடைகிறான் என்றார்கள். இரு கட்சியிலும் பேரறிஞர் உண்டு. அன்றாட வாழ்வில் நாம் ஒரு நாளைக்குள்ளேயே இருவரையும் பின்பற்றுகிறோம். எங்கே யாரைப் பின்பற்றுவது என்பதில்தான் விவேகம் வேண்டும். காரைக்குடி வண்டி ஏழு மணிக்கு என்று கைப்பேசி சொன்னால், மீமாம்சகனாகவே நம்பிப் புறப்படலாம். தவறினால் அடுத்த வண்டி வரும், செயலே பிழையைத் திருத்திவிடும். ஆனால் செயலில் இறங்கிய பின் திருத்த முடியாத விஷயங்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வேண்டா, இந்தக் கஷாயம் போதும் என்று வந்த சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவனும், இவன் கடத்தல்காரன் என்ற சொல்லை நம்பிக் கையை ஓங்குகிறவனும், செயலின் பயனைக் கொண்டு சொல்லைச் சோதிக்கப் புகுந்தால், சோதனை முடிகிறபோது ஓர் உயிர் போயிருக்கும். அத்தகைய இடங்களில் நையாயிகனுடைய சந்தேகமே கருணை. பிழையின் விலை மிகுந்த இடத்தில் பொறுத்திருப்பதும், குறைந்த இடத்தில் நம்பி நடப்பதும் தத்துவத்துக்கு முரணாகா என்பது என் துணிபு.

மீமாம்சகர்களின் வாதத்தில் மற்றொரு பகுதியையும் இக்காலத்தில் தவறாகப் பொருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. சொல்லில் தோஷம் சொல்லுகிறவனால் வருகிறது; வேதம் யாராலும் செய்யப்படாதது, ஆகவே அதில் தோஷம் புக வழியில்லை என்பது அவர்கள் கொள்கை. இன்று கேட்ட கேள்விக்கெல்லாம் விடையைத் தாமே கோத்துச் சரளமாக உரைக்கும் இயந்திரங்கள் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. மனிதன் சொன்னால் பக்ஷபாதம் இருக்கும், இது இயந்திரம், ஆகவே இதில் இராது என்று படித்தவர்களும் எண்ணுகிறார்கள். மனிதர் எழுதியவற்றையே திரட்டி வளர்ந்த அந்த வாக்கை அபௌருஷேயம் என்று கொள்ளுவது பெரும் மயக்கம். அங்கே ஆசிரியன் இல்லாமற்போகவில்லை. எண்ணிறந்த ஆசிரியர்கள் இருந்து, அவர்கள் பெயர்கள் கரைந்துபோயிருக்கின்றன. தேடுகிறபோது முதலில் வந்து நிற்கிற விடையும், பணம் கொடுத்து முன்னே வைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். இவற்றிடமும் கேட்க வேண்டிய வினா, சொன்னவர் யார் என்பதன்றி வேறில்லை.

அனுப்புகிறவனுடைய தர்மத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில், இந்தியாவில் நிகழ்ந்த கொலைகளுக்குப் பின்னர், கைமாறி வந்த செய்தி என்பதற்கு ஓர் அடையாளத்தை இட்டு, ஒரே முறையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-ஆம் ஆண்டில், பலமுறை கைமாறியதை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் சுருக்கியது. இவை நல்ல தடைகள். ஆனால் விரலைத் தடுக்கும் விதி மனத்துக்குள் போகாது. நான் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன் என்று கூறுகிறவன், தூதனுக்குப் பொறுப்பில்லை என்று நினைக்கிறான். தூதன் இன்னாருடைய சொல் என்று சொல்லிவிட்டே பேசுகிறான் என்பதை மறந்துவிடுகிறான். யாருடைய சொல் என்று சொல்லாமல் ஒன்றை எடுத்துச் சொல்லுகிறவன், தானே அதைச் சொன்னவன் ஆகிறான். பெறுகிறவனும் அதை நம்புவது அனுப்பியவனுடைய முகத்தைக் கண்டே. வதந்தியை எழுதிய அறிமுகமற்றவனை ஊரில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதை அனுப்பிய மாமாவை நம்பினார்கள், அக்காளை நம்பினார்கள், பள்ளியில் பாடம் சொன்ன வாத்தியாரை நம்பினார்கள். இத்தனை காலம் நல்லொழுக்கத்தால் ஈட்டிய ஆப்தத் தன்மையை, முகமறியாத ஒருவனுடைய சொல்லுக்கு அவர்கள் இரவலாகக் கொடுத்துவிட்டார்கள்.

தவறாக அனுப்பிவிட்டதற்குப் பிராயச்சித்தமும் உண்டு, அது எளிதன்று. செய்தியை அழித்துவிட்டால் தீராது. அது போன இடங்களுக்கெல்லாம், அதே பெயரோடும் அதே முகத்தோடும், நான் அனுப்பியது மெய்யன்று என்ற சொல்லும் போய்ச் சேர வேண்டும். வாக்கினால் நேர்ந்த குற்றம் வாக்கினாலேயே கழிய வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த நாணத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆண்மையை வயது முதிர்ந்தவர்கள் காட்டினால், அக்குழுக்களில் இருக்கிற பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

கற்பிக்க முடியுமா என்று ஐயுறுகிறவர்கள் பொன்னமராவதி இருக்கிற இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சரித்திரத்தையே நினைத்துக்கொள்ளலாம். 1991-ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியது. ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள், பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்துக் களைத்த பெண்களுக்கு இரவு வேளைகளில் எழுத்துக் கற்பித்தார்கள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகறியச் செய்த அந்தக் காட்சியில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் சென்ற பெண்கள், பேருந்துப் பலகையையும் கூலிச் சீட்டையும் பிறர் துணையின்றிப் படித்தார்கள். நடுவயதைக் கடந்தவர்க்குப் புதிய கல்வி ஏறாது என்று சொன்னவர்களின் வாதம் அன்று வீழ்ந்தது. அன்று இளம் தாய்மாராக இருந்து எழுத்துக் கற்றவர்கள் இன்று பாட்டிமார். கைப்பேசியில் வருவதைக் கேட்டும் பார்த்தும் அதை உறவுக்கெல்லாம் அனுப்புகிறவர்களுள் அவர்களும் இருக்கிறார்கள்.

அறிவொளிக்காக அன்று திண்ணைகளில் கூடியதுபோல மறுபடியும் கூடுவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. ஊர்தோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கூடுகின்றன. சேமிப்பையும் கடனையும் வாசித்து, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே கலைகின்றன. கடன் தவணையில் ஒரு பத்து ரூபாய்க்குப் பெயர் இல்லாவிட்டால், அது யார் கட்டியது என்று தெரியும்வரையில் அந்தப் பெண்கள் ஏட்டை மூடுவதில்லை. அந்தக் கூட்டத்திலேயே, கணக்கு முடிந்த பின் சிறிது நேரம், அந்த வாரத்தில் அவரவர் கைப்பேசிக்கு வந்தவற்றுள் ஒன்றை எடுத்து நடுவில் வைத்து, இதை நேரே அறிந்தவர் யார், அறிந்தபடியே சொன்னாரா, இது கேட்டவர்க்கு என்ன செய்யும் என்று உரக்கப் பேசிப் பார்க்கலாம். படித்த பெண் ஒருத்தி உதவினால் நன்று, இல்லாவிட்டாலும் நடக்கும். பொன்னமராவதியைச் சுற்றிய கிராமங்களில், 2019-ஆம் ஆண்டில் அந்த ஒலிப்பதிவைக் கேட்டு அழுத பெண்களும், தெரியாமல் அதை மேலும் ஒருவருக்கு அனுப்பிவிட்ட பெண்களும், அத்தகைய குழுக்களில் ஒரே பாயில் உட்காரக் கூடியவர்களே. அங்கிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.